படிக்கட்டுத் திருப்பம்

ஜூன் 3, திங்கள்

டாக்டர் என் முட்டியை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மாடிப்படி ஏறி இறங்கறத நிறுத்துங்க" என்றார். நான் நிறுத்தினால் கம்பெனியே நின்றுவிடும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. கணபதி ஏரியாவில் இருக்கிற எங்கள் பம்ப்செட் கம்பெனிக்கு முதலாளிகள் இரண்டு பேர். மாடியில் தெய்வசிகாமணி சார். ஆர்டர், பார்ட்டி, பேங்க் எல்லாம் அவர். கீழே ஷாப்பில் நஞ்சப்பன் அண்ணன். மோட்டார், வைண்டிங், டெஸ்டிங் எல்லாம் அவர். ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே லேத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் ஆரம்பித்தவர்கள். ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சார் கீழே இறங்க மாட்டார், அண்ணன் மேலே ஏற மாட்டார். ஃபோனும் கிடையாது. எதுவானாலும் நடுவில் நான்தான். மேலே "சுகந்தி, அவன்கிட்ட சொல்லிரு." கீழே "அம்மணி, அவங்கிட்டச் சொல்லீரு." வேலைக்குச் சேர்ந்தபோது மேனேஜர் என்றுதான் ஆர்டரில் போட்டிருந்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு டீலர் கூட்டம். சார் மைக்கைப் பிடித்து, "போன சீசன்ல மோட்டார் எரிஞ்சதுக்குக் காரணம், எங்க ஷாப்ல சிலபேரு நல்லா தூங்கிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. அண்ணன் முன்வரிசையில் இருந்தார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். "தனியாக் கூப்பிட்டுச் செவுள்ல ரெண்டு வெச்சிருந்தாக்கூட வாங்கீருப்பேன் அம்மணி" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். அதை நான் மேலே கொண்டுபோகவில்லை. கொண்டுபோகிற பேச்சா அது?

அந்த முதல் வாரத்தில் ஒரு தடவை மட்டும் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். சார் உடனே ஆடிட்டருக்கு ஃபோன் போட்டு, "பிரிச்சிரலாம்" என்றார். அவரைச் சமாதானப்படுத்த அன்று சாயங்காலம் வரை ஆனது. அதிலிருந்து கற்றுக்கொண்டேன். படிக்கட்டு பாதியில் திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, காதில் விழுந்ததைச் சொல்லக்கூடியதாக ஆக்கிக்கொண்டு அப்புறம்தான் மீதிப் படி. பாம்பும் சாகக்கூடாது, தடியும் நோகக்கூடாது.

மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்.

ஜூன் 6, வியாழன்

அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன். நேற்றே சாரிடம் சொன்னேன். இன்று காலையும் சொன்னேன். "ம்" என்றார். பிறகு, "அப்ப டெஸ்ட் ரிப்போர்ட்ல யாரு கையெழுத்துப் போடுவா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மத்தியானம் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். குரல் சோர்ந்திருந்தது. "சார் ரொம்ப விசாரிச்சாருங்கண்ணா. ஒண்ணும் அவசரமில்ல, நல்லாப் பாத்துக்கிட்டு வரச்சொல்லுன்னாருங்க" என்றேன். "அப்படியா கேட்டான்?" என்றார். ஆமாங்க என்றேன். "அவனேவா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

ஒரு வார்த்தைதானே. காசா பணமா?

ஜூன் 11, செவ்வாய்

அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் கிரைண்டர் பெல்ட் அறுந்து போச்சு, கடை மாவுதான்.

ஜூன் 15, சனி

அவினாசி ரோட்டில் ஒரு ஹாலில் ஒரு நாள் பயிற்சி. தொழில் நடத்துகிறவர்கள் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று. சார்தான் அனுப்பினார். "நீ போய் அவங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டு வா" என்று கிண்டல் வேறு. வீட்டுக்காரர் கதிரவன் காலையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டே, "வெளியில இவ்வளவு நயமாப் பேசறயே, அதுல ஒரு கரண்டி வீட்டுக்கும் எடுத்துட்டு வாயேன்" என்றார். கடை மாவு தோசைக்கு அந்தப் பேச்சே அதிகம்.

நடத்தியவர் இளவயசு. வாட்டசாட்டமாக இருந்தார். கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்க வேண்டுமாம். கெட்ட செய்தியைத்தான் முதலில், சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டுமாம். நான் கை தூக்கி, "கேக்கறவங்க ரெண்டு பேரும் கோவக்காரங்களா இருந்தா?" என்றேன். "கோபம் செய்தியில ஒரு பகுதி மேடம். அத எடுத்துட்டுக் குடுத்தா, அது வேற செய்தி" என்றார். புத்தகத்தில் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் ஷாப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் அவருக்கு.

சாப்பாட்டில் பருப்பு உருண்டைக் குழம்பு பிரமாதம். நல்ல பேச்சாளர் என்று எனக்கு ஒரு பீங்கான் கப் பரிசு.

ஜூன் 19, புதன்

மதனப்பள்ளி பார்ட்டிக்கு நானூறு பம்ப் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். தக்காளிக்காரர்கள் போர்வெல் போட்டுவிட்டு மோட்டாருக்குக் காத்திருக்கிறார்களாம். மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிற ரப்பர் சீலை வழக்கமாகக் கொடுப்பவன் கைவிரித்துவிட, சார் வேறு ஒரு இடத்தில் சீல் வாங்கியிருந்தார்.

அண்ணன் என்னை டெஸ்டிங் தொட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒரு சீலை விரலில் மாட்டி இழுத்துக் காட்டினார். ஓரம் வெடித்தது.

"இது தண்ணியில ஒரு மாசம் தாங்காது அம்மணி. தண்ணி உள்ள போனா மோட்டார் எரியும். வேண்டாம்னு சொல்லீரு. வேண்டவே வேண்டாம். இத மாட்டி அனுப்பறதுக்கு நாம கம்பெனிய இழுத்துப் பூட்டீட்டுப் போலாம். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னையக் கேட்டானா அவன்? மைக்கப் புடிச்சாப் பேசத் தெரியுது. இப்படியே போய்ச் சொல்லு."

படி ஏறினேன். திருப்பத்தில் நின்றேன். இன்று வெகுநேரம் நின்றேன் என்று நினைக்கிறேன். "மைக்" என்ற சொல் மேலே போனால் அவ்வளவுதான். அதை எடுத்தேன். இழுத்துப் பூட்டுவதை எடுத்தேன். எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் கொஞ்சம்தான் மிஞ்சியது.

"அண்ணனுக்கு சீல்ல ஒரு சின்ன சந்தேகமாமுங்க சார். ரெண்டு நாள் டைம் கெடைக்குமான்னு கேக்கறாருங்க."

சார் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சுகந்தி, நல்லா யோசிச்சுச் சொல்லு. சரக்கு விசயத்துல அவன் வேண்டாம்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன். பார்ட்டிகிட்ட நான் கால்ல விழுந்துக்கறேன். வேண்டாம்னு சொன்னானா?"

இதை எதிர்பார்க்கவில்லை. ஆறு வருடத்தில் அண்ணனைப் பற்றி அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இப்போது போய், ஆமாங்க, வேண்டவே வேண்டாமென்றாருங்க என்றால், ஒரு நிமிஷம் முன்னால் நான் சொன்னது என்ன ஆகும்?

"அப்படிக் கறாரா ஒண்ணும் சொல்லலீங்க சார்."

"அப்ப அனுப்பிரலாம்."

கீழே வந்து, "பார்ட்டி கழுத்துல துண்டப் போட்டு நெருக்கறாங்களாமுங்க. சாருக்கும் மனசே இல்லீங்க" என்றேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் செய்த கண் இன்னும் சிவந்திருந்தது.

"நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"சொன்னனுங்க."

ரிப்போர்ட்டை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "இவ்வளவு சொல்லியும் அனுப்புன்னா, இனி அவனாச்சு" என்றார்.

அண்ணன் கோபத்தில் வேண்டாம் என்று சொல்வது புதிது ஒன்றும் இல்லை. போர்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தபோதும் வேண்டவே வேண்டாம் என்றவர்தான்.

ஜூன் 21, வெள்ளி

லாரி கிளம்பியது. தேங்காய் சுற்றி உடைத்தோம். நல்லபடியாகச் சிதறியது.

ஜூலை 2, செவ்வாய்

மதனப்பள்ளியிலிருந்து ஒன்றும் தகவல் இல்லை. தகவல் இல்லையென்றால் நல்லது என்றுதான் அர்த்தம். முட்டிக்கு நீலகிரித் தைலம். பீங்கான் கப்பில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

எரிந்துவிட்டது. ஒன்றிரண்டு இல்லை. காலையிலிருந்து ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் நான்தான் எடுத்தேன். ஒரு பெண் தெலுங்கில் அழுதுகொண்டே பேசினாள். எனக்குப் புரிந்தது 'டமாட்டா' என்ற சொல் மட்டும். அதற்கு மேல் புரியவும் வேண்டியிருக்கவில்லை.

சார் மேஜையை அறைந்தார். "கையெழுத்துப் போட்டவன் யாரு? கண்ணு தெரியாமப் போட்டானா, இல்ல என்னைய சந்தி சிரிக்க வைக்கணும்னு தெரிஞ்சே போட்டானா? போய்க் கேளு!"

திருப்பத்தில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். ஒரு ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது போகும்வரை நின்றேன். கீழே போய், "சரக்கு திரும்பி வருதுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

"நான் சொன்னனே அம்மணி. படிச்சுப் படிச்சுச் சொன்னனே. தெரிஞ்சே அனுப்புனானே அவன்!" என்றார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆமாங்க என்று தலையாட்டினேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் பொய் சொல்லாது.

இரவு சாப்பிடவில்லை. கதிரவன் என்ன என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஜூலை 18, வியாழன்

சார் பிரித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். இடமும் பெயரும் அவருக்கு. அண்ணனுக்குப் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவது. "போய்ச் சொல்லிரு" என்றார். "கணக்கெல்லாம் ஒருக்கா சேந்து பாத்துக்கலாம்னாருங்க" என்று சொன்னேன். அண்ணன் என்னையே பார்த்தார். "எப்ப அம்மணி வெளிய போகோணும் நானு?" என்று கேட்டார். ஆடி முடியட்டுமுங்க என்றேன். அதையும் சார் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

மதனப்பள்ளி பார்ட்டி நேரில் வந்தார். கீழே அண்ணனோடு நின்று, திரும்பி வந்த பம்ப்புகளைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். அரைகுறைத் தமிழில் சாரைப் பார்த்துக் கேட்டார். "உங்க பார்ட்னரே அனுப்ப வேணாம் சொன்னாராமே. நீங்க கேக்கலியாமே. எங்க ஆளுங்க பயிரு போச்சே சார்?"

நான் காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். சார் அவரை எப்படியோ சமாதானம் செய்து, எல்லாப் பம்ப்பையும் மாற்றித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். இருபத்தோரு வருடத்தில் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

"வேண்டாம்னு சொன்னானா?"

"சொன்னாருங்க சார்."

"எப்படிச் சொன்னான்?"

"வேண்டவே வேண்டாம்னாருங்க."

"நான் உன்னையக் கேட்டனே சுகந்தி. பேனாவ மூடி வெச்சுட்டுக் கேட்டனே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றும் நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னும் எத்தன இருக்குது இந்த மாதிரி?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

நல்லதுக்குத்தான் செய்தேன். இரண்டு பேரும் பிரியக் கூடாது என்றுதான் செய்தேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்று பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. இந்த ஆறு வருடத்தில் ஒரு நாளாவது, "நீங்களே ஒருக்கா நேர்ல பேசிக்குங்க" என்று இரண்டு பேரில் ஒருவரிடமாவது நான் சொன்னேனா? சொன்னதாக ஞாபகம் இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இன்று எழுத வேண்டாம்.

ஜூலை 26, வெள்ளி

சார் யாருடனும் பேசவில்லை. "கீழ போய் அண்ணனப் பாருங்க சார்" என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சுட்டு எறங்கறது? கண்ணு தெரியாமப் போட்டானான்னு வேற கேட்டு அனுப்பிச்சிருக்கேன்" என்றார். அதை நான் கீழே சொல்லவில்லை என்று சொன்னேன். என் பேச்சை நம்பலாமா என்பது போலப் பார்த்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல், கேட்டது கேட்டபடி எழுத வேண்டும்.

நாளைக்கு ஆடிப்பெருக்கு, ஷாப் லீவு. ஆடி முடியும்வரை காத்திருக்காமல் அண்ணன் இன்றே தன் சாமான்களை எடுத்து வைத்துவிட்டார். ஒரு ஸ்பேனர் பெட்டி, டிபன் கேரியர், சாமி படம். அவருடைய கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. என்னைப் படிக்கட்டு அடியில் கூப்பிட்டார்.

"அம்மணி, மேல போய் ஒண்ணு சொல்லு. அன்னிக்கு மண்டபத்துல அவன் ஏதோ வாய் தவறிச் சொல்லீட்டான். நாந்தான் அதப் பெருசு பண்ணி ஆறு வருசத்த ஓட்டீட்டேன். பம்பு போனாப் போச்சாது, அது ரெண்டு பேரும் சேந்து பண்ணுன தப்பு. கண்ணு கட்டிக் கெடந்தப்ப அவன் என்னைய விசாரிச்சான் பாரு, அன்னிக்கே நான் மேல ஏறி வந்திருக்கோணும். கீழ வரச்சொல்லு. ஒரு டீயக் குடிச்சுட்டு, பிரியறதா இருந்தாலும் சிரிச்சுட்டுப் பிரியலாம்."

அந்தப் பையன் பயிற்சியில் சொன்னபடி, "நீங்க சொன்னது இதுதானுங்களாண்ணா?" என்று கேட்டு முழுவதையும் திருப்பிச் சொன்னேன். அப்படியே அம்மணி என்றார்.

திருப்பத்தில் நான் நிற்கவில்லை. முட்டி வலித்தது. நிற்கவில்லை.

சாரிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன். ஒன்றைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கண் ஆபரேஷன் வந்த இடத்தையும் விடவில்லை. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னேன். சார் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்ப விசாரிச்சேன்?"

நான் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்தேன்.

சார் லேசாகச் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். "நீ நல்லாப் பேசற சுகந்தி. எப்பவுமே நல்லாத்தான் பேசற. நஞ்சப்பன் இப்படிப் பேசறவன் இல்ல. அவன் எடத்துல நான் இருந்தா, எம்மூஞ்சில காறித் துப்பியிருப்பேன். நான் எறங்கி வரோணும்னு நீயா நல்ல மனசுல கோத்துக்கிட்டு வந்திருக்கற."

"இல்லீங்க சார். சத்தியமா அவரு சொன்னதுங்க. படிக்குக் கீழயே நிக்கறாருங்க, நீங்களே எட்டிப் பாருங்க."

"போதும்மா" என்றார். "அவன நிம்மதியாப் போக விடு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. வார்த்தையைச் சுமந்தே பழகிவிட்டேன்.

கீழே அண்ணன் இரண்டு டீ வாங்கி வைத்திருந்தார். கிளாஸ் மேல் பேப்பர் மூடியிருந்தது. "என்ன சொன்னான்?" என்றார். மீட்டிங்கில் இருக்கிறார், அப்புறம் வருவார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இந்தத் தடவை விழுங்கிவிட்டேன்.

"நம்பலீங்கண்ணா. நான் சொன்னதுனால நம்பலீங்க. சீல் வேண்டாம்னு நீங்க சொன்னதையும் நான் அன்னிக்கு சரியாச் சொல்லலீங்க. ஒரு சின்ன சந்தேகம்னுதாங்க சொன்னேன். அவரு தெரிஞ்சு அனுப்புலீங்க."

அண்ணன் ஸ்பேனர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப இத்தன வருசம் அவன் சொன்னான் சொன்னான்னு எங்கிட்டச் சொன்னதெல்லாம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செரி, மத்ததெல்லாம் போகுது. என்ற கண்ணு ஆப்பரேசனப்ப அவன் விசாரிச்சான்னயே. அது?"

அவருடைய கண்ணைப் பார்த்தேன். சிவப்பெல்லாம் போய்ப் பளிச்சென்று இருந்தது.

"அது மட்டும் நெசமுங்கண்ணா" என்றேன்.

"அப்பச் செரி" என்றார். எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட் பக்கம் நடந்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

சார் காலையில் கூப்பிட்டார். "போறப்ப அவன் என்ன சொன்னான்?"

"'அப்பச் செரி'ன்னாருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க சார்."

தலையாட்டிக்கொண்டார். "இத நம்பறேன்" என்றார்.

இன்று அதற்குப் பிறகு படி ஏறுகிற வேலை எதுவும் வரவில்லை. முட்டி வலி இல்லை.